தம்பிக்கு மட்டும் போகாத அஞ்சல்

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த கப்பல் முகவர் அலுவலகத்தில் ஓர் அறைக்கு மட்டுமே குளிரூட்டி இருந்தது. அந்த அறையில் மனிதர் எவரும் இருக்கவில்லை. அஞ்சல் சேர்வர் என்று சொல்லப்பட்ட சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. வெளியே பதினான்கு பேர் மூன்று மின்விசிறிகளின் கீழ் வியர்த்துக்கொண்டிருந்தோம். மூன்றில் ஒன்று சுற்றாது. பெட்டிக்கு வியர்க்கக் கூடாது என்பதில் மட்டும் முகாமையாளர் கண்டிப்பாக இருந்தார். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்பதால் அந்தக் குளிரில் ஒரு பங்கு எனக்கும் கிடைத்தது. ஓயாத தும்மலும் தடிமனும் கிடைத்தன.

அதற்கு முன் அதே அலுவலகத்தில் நான் டெலெக்ஸ் அடித்தவன். டெலெக்ஸ் இயந்திரத்தில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்பதற்கு ஒரு விசை உண்டு. செய்தியை அடிக்குமுன் ஒரு தடவையும் அடித்து முடித்த பின் ஒரு தடவையும் அதை அழுத்துவோம். எங்கோ ரொட்டர்டாமிலோ பம்பாயிலோ இருக்கும் இயந்திரம் தன் பெயரைத் திருப்பி அடிக்கும். தாளின் தலையிலும் காலிலும் அந்தப் பெயர் விழுந்துவிட்டால், கப்பல்காரன் பிறகு வந்து ‘எனக்குச் செய்தி கிடைக்கவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. நான் எப்படிப்பட்ட மனிதன் என்பதை அந்த விசைதான் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். பதில் பெயர் விழாத எதையும் நான் நம்புவதில்லை.

டெலெக்ஸை எடுத்துவிட்டு மின்னஞ்சலைக் கொண்டுவந்தார்கள். பெட்டியைப் பொருத்தித் தந்த இளம் பொறியியலாளர் எனக்கு ஒரு கிழமை பாடம் சொல்லிவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பெரியவர்கள் தங்கள் மேசைகளில் படங்களும் பொத்தான்களும் உள்ள அழகான திரையில் கடிதம் எழுதினார்கள். எனக்கு வாய்த்தது அந்தக் குளிரறைக்குள் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். அதில் அனுப்பும் கட்டளையை எழுதி, போக வேண்டிய முகவரியை அதன் பக்கத்தில் எழுதி, விசையைத் தட்ட வேண்டும். பிறகு தலைப்பு. ஒரு வெற்று வரி. அதன்பின் சொல்ல வந்ததெல்லாம். முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு வரியில் தனியே ஒரு புள்ளியை வைத்துத் தட்டினால் கடிதம் போய்விடும். போய்விட்டதா என்று அது சொல்லாது. பேசாமல் அடுத்த கட்டளைக்குக் காத்துக்கொண்டு நிற்கும்.

அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. பொறியியலாளர் போவதற்கு முன்னமே அவரை நச்சரித்தேன். அவர் சிரித்துக்கொண்டு, கட்டளையோடு ஒரு கோடும் ‘வி’ என்ற எழுத்தும் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் திரை வாய் திறந்தது. எங்கள் பெட்டி தூர தேசத்துப் பெட்டியைக் கூப்பிட்டு வணக்கம் சொல்லும். அது பதில் வணக்கம் சொல்லும். இன்னாரிடமிருந்து கடிதம் என்று இது சொல்லும். சரி என்று அது சொல்லும். இன்னாருக்கு என்று சொல்லும். அப்படி ஒருவர் இங்கே உண்டு, சரி என்று அது சொல்லும். கடைசியில் ‘கடிதத்தை ஏற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி விழும். ஒவ்வொரு ‘சரி’க்கும் முன்னால் இருநூற்று ஐம்பது என்று ஓர் இலக்கம். அன்றிலிருந்து அந்த எழுத்தைச் சேர்க்காமல் நான் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூத்தவன் நான், கலியாணம் செய்யாதவன். அடுத்தது தங்கை. கடைசித் தம்பி லண்டனில். தங்கை புருஷன் இறந்தபின் மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு லொட்ஜில் ஓர் அறை எடுத்திருந்தாள். நான் அதற்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தேன். இரவுச் சாப்பாடு அவர்களோடுதான்.

போர்க்காலம் அது. ஒரு நாள் விடியற்காலையில் பொலிஸும் ஆமியும் லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். தங்கையின் மகளான என் மருமகளின் அடையாள அட்டை யாழ்ப்பாணத்தில் எடுத்தது; அதுவே சந்தேகத்துக்குப் போதும். கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய துண்டில் அவளுடைய பெயரை லொட்ஜ்காரன் சேர்க்கப் பிந்திவிட்டான். வேறு ஐந்து பெண்களோடு அவளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் பின்னேரம் விட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று தங்கை கேட்டாள். “இருக்கச் சொன்னாங்கள், இருந்தனான்” என்றாள் அவள். ஆனால் அதன்பிறகு ஒழுங்கையில் எந்த வாகனம் வந்து நின்றாலும் அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். காய்கறி வான் என்றாலும் நிற்பாள். சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றதையும் கண்டிருக்கிறேன். அது போனபின் செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்துவிட்டு மறுபடி வந்து இருப்பாள்.

பிள்ளையை வெளியே அனுப்புவது என்று தங்கை முடிவெடுத்தது அப்போதுதான். லண்டனில் ஒரு கல்லூரி இடம் தந்தது. விசாவுக்கு ஒன்று குறைந்தது. அங்கே இருக்கும் உறவினர் ஒருவர், இந்தப் பிள்ளை என் வீட்டில் இருந்து படிப்பாள் என்று ஒரு கடிதமும், தான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதமும் அனுப்ப வேண்டும். இரண்டு தாள். கல்லூரி தந்த கடைசித் திகதிக்கு முன்னால் அந்த இரண்டு தாளும் கொழும்புக்கு வந்தால் அவள் போகலாம். வராவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கலாம்.

காலி வீதியில் கொமினிகேஷன் என்று சொல்லும் ஒரு தொலைபேசிக் கடையில் இருந்து தம்பியைக் கூப்பிட்டோம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் நிற்க இடம். நாங்கள் மூன்று பேர் நின்றோம்.

“அக்கா, போனில இதெல்லாம் கதைக்கக் கூடாது” என்றான். “ஆரார் கேட்டுக்கொண்டிருக்கினமோ. விபரத்தை ஈமெயிலில போடுங்கோ. அண்ணையிட்டை வசதி இருக்குத்தானே. நான் பாத்துச் செய்யிறன்.”

தன் வேலைத்தல முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். தங்கைக்கு அன்றைக்கு முகம் மலர்ந்து போயிருந்தது. வழியில் ஒரு கடையில் நின்று, கேட்காமலே எனக்கு ஒரு பால்தேநீர் வாங்கித் தந்தாள். அவள் எனக்கு வாங்கித் தந்த கடைசித் தேநீர் அதுவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சொந்தக் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அனுப்பிக்கொள்ள முகாமையாளர் அனுமதி தந்தார். தங்கை சொல்லச் சொல்ல முதல் நாள் இரவே எழுதி எடுத்துக்கொண்டு போவேன். அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். முதற் கடிதம் முப்பத்தொரு வரி. அதில் ஒன்பது வரி சுகம் விசாரிப்பு.

“அவன்ர மனுசிக்கும் சுகம் கேட்டதாப் போடுங்கோ அண்ணை. விட்டால் குறை நினைப்பா.”

“போட்டாச்சு.”

“தாய்க்காறியும் அங்கதானாம். அவவுக்கும் போடுங்கோ.”

“இது விசாக் கடிதமோ, கலியாணக் காட்டோ?”

“எழுதுறவர் எழுதுங்கோ” என்றாள்.

ஒரு வரியும் குறைக்காமல் அடித்தேன். புள்ளியை வைத்தேன். பெட்டிகள் இரண்டும் பேசிக்கொண்டன. ஏற்றுக்கொண்டேன் என்ற வரி விழுந்தது.

பதில் வரவில்லை.

நான் அனுப்புவது என் பெயரில் போவதால் பதில் என் பெயருக்குத்தான் வரும். காலையில் கந்தோருக்குப் போனதும் முதல் வேலை அதைப் பார்ப்பது. உனக்குக் கடிதம் இல்லை என்று பெட்டி சொல்லும். இரண்டாவதை அனுப்பினேன். மூன்றாவதை அனுப்பினேன். நான்காவதில் சுகம் விசாரிப்பு நான்கு வரியாகச் சுருங்கியிருந்தது. மறுபடியும் கண்ணாடிக் கூண்டுக்குப் போனோம்.

“அக்கா, எனக்கு ஒண்டும் வரேல்லை” என்றான் தம்பி. “நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். உங்கட அங்கத்தைய சேர்வர் சரியில்லைப் போல. அண்ணைக்கும் வயசு போகுதுதானே.”

தங்கை தொலைபேசியைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ சோதனைச் சாவடிகளில் எத்தனையோ பேர் என்னைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் சீருடைக்காரர் பார்த்த பார்வை.

அடுத்த நாள் ஒரு சோதனை செய்தேன். தம்பியின் முகவரியில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி ஒரு கடிதம் அனுப்பினேன். லண்டன் பெட்டி உடனே மறுத்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றது. கடிதம் தேநீர் குடித்து முடிக்குமுன் எனக்கே திரும்பி வந்தது. எழுத்தைச் சரியாக்கி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

வெளியே என் மேசைக்கு எதிரே கணக்கு வேலை பார்த்த, நாங்கள் நானா என்று கூப்பிட்ட முஸ்லிம் அண்ணர் ஒருவர் இருந்தார். கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்தவர், எல்லாவற்றையும் பகிடியாகவே பார்ப்பவர். நான் முணுமுணுத்துக்கொண்டு வருவதைக் கண்டு, “என்ன மாஸ்டர், மெஷினோட சண்டையா?” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

“இண்டைக்கு இந்தப் பெட்டியால எத்தின மெயில் போயிருக்கும்?”

“நூற்றுப் பன்னிரண்டு” என்றேன். எண்ணித்தான் இருந்தேன்.

“சிங்கப்பூருக்குப் போகுது, துபாய்க்குப் போகுது, நம்மட பொஸ்ஸுட மகனுக்கு அமெரிக்காவுக்குப் போகுது. ஒங்கட தம்பிக்கு மட்டும் போகுதில்ல.” காதில் இருந்த பேனையை எடுத்து மூடினார். “தம்பி கெட்டிக்காரன், மாஸ்டர்.”

எனக்கு அவரில் கோபம் வந்தது. அவர் சொன்னது முதல் நாளே எனக்குத் தெரியும் என்பதால்தான் அந்தக் கோபம்.

தங்கைக்குக் கண்ணால் காட்டிவிடுவது என்று ஒரு நாள் அவளைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியில் இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். “கொஹேத யன்னே?” என்று சிங்களத்தில் எங்கே போவதெனக் கேட்ட ஆமிக்காரனுக்குத் தங்கை, கொட்டாஞ்சேனை என்று சொல்வதற்குப் பதிலாக லண்டன் என்று சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான். அவனும் பாவம், சின்ன வயது. “மாத் எனவா” என்றான், நானும் வாறன் என்று. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

குளிரறைக்குள் அவளை நாற்காலியில் இருத்தி, கடிதத்தை அடித்து, புள்ளியை வைத்தேன். திரையில் வரி வரியாக ஓடியது. ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னேன். இது வணக்கம். இது எங்கள் பெயர். இது தம்பியின் பெயர். இது, அப்படி ஒருவர் உண்டு. இது, வாங்கிக்கொண்டேன்.

சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

“அங்கத்தைய மெஷின் வாங்கினது சரி அண்ணை. தம்பி வாங்கினவனோ?”

“மெஷின் வாங்கினா அவனுக்குக் குடுக்கும்.”

“குடுத்ததை நீங்கள் பாத்தனீங்களோ?”

“லண்டனில போய் நிண்டு பாக்கச் சொல்லுறியோ?”

“பதிவுத் தபாலெண்டால் வாங்கினவன்ர கையெழுத்தோட காட் திரும்பி வரும். இதில தம்பியின்ர கையெழுத்து எங்க?”

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கேட்டது சரியான கேள்வி. மற்றப் பக்கத்துப் பெட்டி ஏற்றுக்கொண்டது என்பது வரைக்கும்தான் இந்தப் பெட்டிக்குத் தெரியும். அதற்கு அப்பால் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் வாசிப்பான், அல்லது வாசித்துவிட்டு வேறு வேலை பார்ப்பான். அந்த இடைவெளிக்குள் தங்கை தம்பியை வைத்துக் காப்பாற்றினாள்.

லொட்ஜும் அவளுக்குத் துணை நின்றது. தமிழ் ஆட்களின் கடிதங்களை எல்லாம் மறிக்கிறார்கள், திறந்து பார்க்கிறார்கள், ஈமெயிலையும் விடுவதில்லை என்று மாடிப்படியில் கூடிக் கதைத்தார்கள். இருக்கலாம். அந்த நாட்களில் எங்களைப் பற்றி எதையும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எண்ணிப் பார்த்தேன். அந்த லொட்ஜில் பதினொரு குடும்பம். அதில் ஆறு குடும்பத்துக்கு வெளிநாட்டில் கடிதம் கிடைக்காத ஓர் உறவினர் இருந்தார். அண்ணன், மச்சான், சித்தப்பா, மூத்த மகன். கடிதம் எல்லாம் சுகமாகக் கிடைத்தவர்கள் கடிதத்தில் ஒன்றும் கேட்கப்படாதவர்கள். கலியாண வீட்டுப் படம் அனுப்பினால் அடுத்த நாளே பதில் வந்தது. பொறுப்பு நிற்கச் சொன்ன கடிதத்தை மட்டும் அரசாங்கம் மறித்தது. போர் எங்களுக்குச் செய்த கெடுதிகளை எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது செய்த இந்த உபகாரத்தை ஒருவரும் எழுதவில்லை.

தம்பி இன்னொரு முகவரி தந்தான், வீட்டு முகவரி. இரண்டுக்கும் அனுப்பினேன். இரண்டு பெட்டியும் ஏற்றுக்கொண்டன. எல்லாமாகப் பதினேழு கடிதம். கடைசிக் கடிதத்தில் சுகம் விசாரிப்பு இல்லை. கல்லூரியின் பெயர், திகதி, தேவையான இரண்டு தாள், அவ்வளவுதான். தந்தி மாதிரி இருந்தது.

திகதி போயிற்று. தங்கை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கதைத்தபோது, “நீங்கள் அந்த மெஷினைச் சரியாப் படிச்சிருக்க வேணும் அண்ணை” என்றாள்.

அந்தக் கிழமை ஒரு நாள் பின்னேரம் மூன்றரை மணிபோல மருமகள் தனியாகக் கந்தோருக்கு வந்தாள். சுற்றிவளைப்புக்குப் பிறகு அவள் தனியே ஒழுங்கை முனையைத் தாண்டியதில்லை. வாசலில் காவலாளி அவளை மறித்து வைத்திருந்தான். நான் போய் அழைத்துவந்தேன்.

“சின்ன மாமாவுக்கு நான் ஒண்டு போட வேணும்” என்றாள்.

“இன்னும் எத்தினை போடுறது பிள்ளை? திகதியும் போட்டுது.”

“அதைத்தான் சொல்லப் போறன்.”

நான் கட்டளையை எழுதி, தம்பியின் முகவரியைச் சேர்த்து, எழுந்து இடம் விட்டேன். அவள் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தாள். பக்கத்தில் நின்று வாசித்தேன். சின்ன மாமா, கல்லூரித் திகதி முடிந்துவிட்டது. இனிக் கடிதம் ஒன்றும் தேவையில்லை. நான் வரவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். நாலே வரி. முடிந்ததும் என்னைப் பார்த்தாள். ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன்.

லண்டனில் அப்போது ஆட்கள் வேலைக்கு வந்து இருக்கும் நேரம். அவளை வெளியே கூட்டிவந்து என் மேசையில் இருத்தி, நானாவின் கேத்தலில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நானா ஒன்றும் பகிடி சொல்லவில்லை. தன் மேசையில் இருந்த பிஸ்கட் டின்னை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அவள் இரண்டு பிஸ்கட் தின்றாள். பிறகு குளிரறைக்குள் போனோம். திரையில் எனக்குப் புதிய கடிதம் இருக்கிறது என்று எழுதியிருந்தது.

தம்பியிடமிருந்துதான். அன்பின் மருமகளுக்கு, உன் கடிதம் கிடைத்தது. நல்ல முடிவு எடுத்திருக்கிறாய். இங்கே குளிரும் கூட, படிப்பும் கஷ்டம். அடுத்த வருடம் ஆறுதலாகப் பார்ப்போம். அக்காவை யோசிக்க வேண்டாம் என்று சொல். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அந்த அடுத்த வருடம் எந்த வருடமும் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். நான் ஒரு தரத்துக்கு மேல் வாசிக்கவில்லை. பதினேழு கடிதம் கிடைக்காதவனுக்குப் பதினெட்டாவது கிடைத்துவிட்டது! தேநீர் ஆறுவதற்குள் பதிலும் எழுதிவிட்டான்!

“பொறு பிள்ளை” என்றேன். “இதைத் தாளில அடிச்சுத் தாறன். கொண்டு போய்க் கொம்மாவின்ர கையில குடு. இப்பவாவது பாக்கட்டும்.”

“வேண்டாம் மாமா.”

“ஏன் வேண்டாம்? நான் மெஷின் படிக்கேல்லையாம். எனக்கு வயசு போட்டுதாம். பாக்கட்டும்!”

“அம்மாவுக்குக் காட்ட வேண்டாம். இதை அழிக்கலாமோ?”

“அழிக்கிறதோ? எனக்கெண்டு இருக்கிற ஒரே சாட்சி இதுதான்.”

அவள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் பக்கத்தில இருக்கிறீங்கள் மாமா. உங்களோட கோவிச்சாலும் நீங்கள் இரவைக்குச் சாப்பிட வருவீங்கள். அவரோட கோவிச்சால் அவவுக்கு வெளியில ஆர் இருக்கினம்? ஒராள் இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவ நித்திரை கொள்ளுறா.”

நான் இருக்கிறேனே என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் சொன்ன வெளியில் என்ற சொல்லுக்குள் நான் இல்லை. கொழும்பில், அடுத்த ஒழுங்கையில், அதே பொலிஸ் பதிவுத் துண்டோடு இருக்கிற அண்ணன் எவருக்கும் நம்பிக்கை ஆக முடியாது. அவன் திட்டுவதற்கு உரியவன்.

அழித்தேன். ஓர் எழுத்துத்தான் தட்ட வேண்டியிருந்தது.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து மிச்ச வேலையைப் பார்த்தேன். இரவு வழக்கம்போலச் சாப்பிடப் போனேன். இடியப்பமும் சொதியும் கொஞ்சம் சம்பலும். தங்கை தட்டை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“இண்டைக்கும் ஒண்டும் வரேல்லையோ?”

“இல்லை.”

“பாவம் அவன். ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு அங்க இருந்து என்ன பாடுபடுறானோ. நீங்கள் அந்தப் பெட்டியை ஆரிட்டையாவது காட்டித் திருத்துங்கோவன் அண்ணை.”

“திருத்திறன்” என்றேன்.

மருமகள், நான் கேட்காமலே, என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.